சாலைத் திட்டம் பத்து வருடம் இழுத்தடித்தால் அரசில் யார் பதில் சொல்ல வேண்டும்?

ஒப்பந்ததாரர் தாமதம் செய்தால் அபராதம் போடுகிறார்கள், அரசே தாமதம் செய்தால் யார் அபராதம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: யாரும் போடுவதில்லை. போடுவதற்கு வழியே இல்லாதபடிதான் ஏற்பாடு இருக்கிறது. அது எப்படி என்பதை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாலையை வைத்துச் சொல்கிறேன். சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் வேலையில் பாரிமுனைப் பக்கம் வெகுகாலம் இருந்தவன் நான். அந்தச் சாலை வராததால் யார் பையிலிருந்து காசு போனது என்பதைப் பில்லில் பார்த்திருக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். கூவத்தை ஒட்டியே துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை 19 கிலோமீட்டர், சுமார் 1,800 கோடி ரூபாய். 2010-இல் வேலை தொடங்கியது. 2011 மே மாதம் மாநிலத்தில் ஆட்சி மாறியது. 2012 மார்ச்சில் மாநிலப் பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை விட்டு விலகி ஆற்றின் நீரோட்டத்திலேயே தூண் எழுப்புகிறார்கள், வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்புறம் வருடங்கள் ஓடின, கட்டுமான நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம் முறிந்தது, மாநில அரசும் மெல்ல இறங்கி வந்தது. 2022 மே 26 அன்று அதே சாலைக்கு இரண்டாவது அடிக்கல். இந்த முறை நாட்டியவர் பிரதமர் மோடி. இரண்டடுக்குச் சாலை, சுமார் 21 கிலோமீட்டர், 5,850 கோடிக்கும் மேல்.

1,800 கோடி 5,850 கோடி ஆகிவிட்டது, மூன்று மடங்கு கொள்ளை என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அந்தக் கணக்கு சரியில்லை. முதலில் போட்ட திட்டம் ஓரடுக்கு. இப்போது மேல் அடுக்கில் துறைமுக லாரிகள் எங்கும் இறங்காமல் நேராகப் போகும், கீழ் அடுக்கு நகர வண்டிகள் ஏறி இறங்குவதற்கு. பொருளே வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே போன வருடங்களுக்கு விலை இல்லையா என்றால், இருக்கிறது. அது எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் வராது, அவ்வளவுதான்.

அந்த விலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு கம்பெனி கண்டெய்னர் பெட்டியில் சரக்கை ஏற்றி சீல் வைத்து அனுப்புகிறது. பகல் நேரத்தில் கனரக வண்டி நகருக்குள் வர முடியாது. டிரெய்லர் வடக்கே சுற்றி, மாதவரம், மணலி தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, திருவொற்றியூர், காசிமேடு வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலுக்கு வர வேண்டும். அந்த வழியில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரைவர் வண்டிக்கு அடியில் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருப்பார். போன் பண்ணினால், "சார், காலைல எங்க நின்னனோ அங்கேயேதான் சார் நிக்கிறேன்" என்பார். கப்பலுக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் பெட்டி உள்ளே போகவில்லை என்றால் ஷட் அவுட். அடுத்த கப்பல்தான். வண்டி காத்து நின்றதற்கு வண்டிக்காரருக்கு ஹால்டிங் காசு, கப்பல் கம்பெனிக்குத் தனியாக ஒரு காசு, அந்தப் பக்கம் சரக்குக்குக் காத்திருப்பவரிடம் கெட்ட பேர். பெரிய கம்பெனி எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகத்தையே மாற்றிக்கொண்டு போய்விடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி அனுப்பும் சின்ன ஏற்றுமதியாளர் எங்கே போவார்?

 

இன்னொரு கூட்டத்தையும் இந்த விஷயம் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தச் சாலைக்காகக் கூவம் கரையிலிருந்து குடும்பங்களைக் கிளப்பி ஒக்கியம் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது, நகரத்துக்குள் வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு வேலை போனது. சாலை வரவில்லை. ஆற்றுக்குள் தூண்கள் மட்டும் பத்து வருடமாக மொட்டையாக நின்றன. லாரிக்காரராவது ஹால்டிங் பில் போடலாம். இவர்கள் யாரிடம் பில் கொடுப்பது?

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொரு அலுவலகமாகப் போய்க் கேட்டால், எல்லோரிடமும் ஒரு கோப்பு இருக்கும். அந்தக் கோப்பில் அவரவர் தரப்பு சரியாகவே இருக்கும். சாலையைப் போடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், வேலையை நிறுத்தியது மாநில அரசு என்று உத்தரவைக் காட்டும். பொதுப்பணித் துறை, ஆறு எங்கள் பொறுப்பு, அதைக் காப்பாற்றினோம் என்று காட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கட்டுமான நிறுவனம், ஆளும் இயந்திரமும் சும்மா நின்றதற்கு நஷ்டக் கணக்கு காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் என் பார்வையில், ஆற்றைப் பற்றிய கவலை நிஜம் என்றால் அதைத் தூண் எழும்புவதற்கு முன்னால் வரைபடத்திலேயே தீர்த்திருக்க வேண்டும். அனுமதி கொடுத்ததும் அரசுதான், தூண் எழும்பிய பிறகு நிறுத்தியதும் அரசுதான். நடுவில் மாறியது ஆட்சி.

ஒப்பந்தத்தின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்த மாதிரிச் சாலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டே தரப்பு: ஆணையமும் கட்டுமான நிறுவனமும். நிறுவனம் தாமதித்தால் நாள் கணக்கில் பிடித்தம் உண்டு, அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு, வழக்கமாக ஒப்பந்த மதிப்பில் 10 சதவீதம். அரசுத் தரப்பு நிலத்தைக் கொடுக்கத் தாமதித்தால் நிறுவனத்துக்குக் கால நீட்டிப்பு கிடைக்கும். அது போதாது என்றால் அவர்கள் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் இழப்பீடு கேட்பார்கள். ஜெயித்தால் பணம் கொடுப்பது ஆணையம். அதாவது சுங்கச்சாவடியில் நீங்களும் நானும் கட்டிய காசு. எந்த அதிகாரி மேசையில் கோப்பு தூங்கியதோ அவர் அதற்குள் மாற்றலாகியிருப்பார், ஓய்வுகூடப் பெற்றிருப்பார். வேலையை நிறுத்திய மாநிலத் துறைக்கோ அந்த ஒப்பந்தத்தில் இடமே கிடையாது. யார் கையில் பிரேக் இருக்கிறதோ அவர் பேர் கணக்கில் இல்லை.

இதை அரசில் இருப்பவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். 2020-இல் நெடுஞ்சாலை ஆணையத்தின் சொந்த அலுவலகக் கட்டடத்தை அமைச்சர் நிதின் கட்கரி திறந்துவைத்தார். 2008-இல் முடிவெடுத்த கட்டடம் அது. தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகளின் படங்களை அந்தக் கட்டடத்திலேயே மாட்டி வைக்க வேண்டும் என்று அந்தத் திறப்பு நிகழ்ச்சியில் கடுமையாகப் பேசினார். கேட்டவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் துறை அமைச்சரே செய்யக்கூடிய உச்சபட்ச நடவடிக்கை படம் மாட்டலாமா என்று கேட்பதுதான் என்றால், மற்றவர்கள் என்ன செய்துவிட முடியும்?

நாடாளுமன்றம் கேட்காதா, தணிக்கைத் துறை கேட்காதா என்பீர்கள். கேட்கிறார்கள். மத்திய அரசின் பெரிய நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டத்தைப் பற்றி 2023-இல் வந்த தணிக்கைத் துறை (சி.ஏ.ஜி.) அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 34,800 கிலோமீட்டரை 2022 செப்டம்பருக்குள் முடிப்பதாகத் திட்டம். 2023 மார்ச் வரை முடிந்தது 13,499 கிலோமீட்டர். அந்த அறிக்கை வந்தபோது டெல்லிப் பக்கம் போட்ட துவாரகா விரைவுச்சாலைக்குக் கிலோமீட்டருக்கு 250 கோடி ஆனது பற்றி டி.வி.யில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அமைச்சகம் கணக்குப் போட்ட விதமே தப்பு என்றது. பாதித் தூரம்கூட முடியாததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஊழல் என்றால் செய்தி, தாமதம் என்றால் செய்தி இல்லை. 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களில் எவையெவை தாமதம் என்று புள்ளியியல் அமைச்சகமும் தொடர்ந்து பட்டியல் போட்டு வந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் நிலம், வன அனுமதி என்றெல்லாம் இருக்கும். ஆள் பெயர் இருக்காது.

நீதிமன்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மும்பை – கோவா நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலை 2011-இல் ஆரம்பித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அரசுத் தரப்பு ஒரு தேதி சொல்லும், தேதி போகும், புதுத் தேதி சொல்லும். நீதிபதி கோபப்படலாம், தார் ஊற்ற முடியாது.

அப்படியென்றால் நம்மால் ஒன்றும் முடியாதா? கொஞ்சம் முடியும். தகவல் உரிமைச் சட்டத்தை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும். நிறையப் பேர் "ஏன் தாமதம், யார் பொறுப்பு" என்று மனுப் போடுகிறார்கள். அதற்குப் பதிலே வராது. இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அந்தச் சட்டம், விளக்கம் சொல்ல வைப்பதற்கு அல்ல. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பகுதியில் ஒரு மேம்பாலம் பாதியில் நின்றபோது நான் அப்படித்தான் கேட்டேன். முதலில் 6(3) பிரிவைக் காட்டி என் மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. மேல்முறையீடு போட்ட பிறகு சில பக்கங்கள் வந்தன. அதில் தடைப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. ஹிண்டிரன்ஸ் ரெஜிஸ்டர் என்பார்கள். எந்தத் தேதியில் எந்தத் தடை வந்தது, மின்கம்பமா குடிநீர்க் குழாயா, யாருக்குக் கடிதம் எழுதினார்கள், எந்தத் தேதியில் தடை நீங்கியது என்று வரிசையாக இருக்கும். ஒரு குடிநீர்க் குழாயை மாற்றுவதற்கு இரண்டு துறைகள் மாறி மாறிக் கடிதம் எழுதியே ஒரு மழைக்காலம் போயிருந்தது. தாமதத்துக்கு முகவரி இருக்கும் ஒரே காகிதம் என் அனுபவத்தில் அதுதான்.

மதுரவாயல் சாலையில் இந்தத் தடவை ஒரு நல்ல மாற்றத்தையும் பார்க்கிறேன். இரண்டாவது அடிக்கல்லுக்குப் பத்து நாள் முன்னால், 2022 மே 16 அன்று தமிழக அரசு, நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், கடற்படை நான்கும் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிரேக் பிடிக்கக்கூடியவர்கள் ஒரே காகிதத்தில் வந்தார்கள். மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் எதிர்க்கட்சி என்று இருந்தும் இது நடந்தது. இது போதாது என்பேன். புரிந்துணர்வு ஒப்பந்தத்தை மீறினால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்தத் துறை எந்தத் தேதிக்குள் எதைக் கொடுக்கும், கொடுக்காவிட்டால் கூடுதல் செலவில் எவ்வளவு அந்தத் துறையின் பட்ஜெட்டிலிருந்து போகும் என்று எழுத வேண்டும். அதிகாரியின் சம்பளத்தில் பிடி என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் எந்த அதிகாரியும் எந்தக் கோப்பிலும் கையெழுத்தே போடமாட்டார், தாமதம் இன்னும் கூடும். துறையின் பட்ஜெட்டில் கை வைத்தால் அந்தத் துறைச் செயலாளர் தானாகவே கீழே விரட்டுவார்.

உங்கள் ஊர்ச் சாலை தேசிய நெடுஞ்சாலை என்றால், ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்கு மனுப் போட வேண்டாம். சுற்றிக்கொண்டு திட்ட அமலாக்கப் பிரிவுக்குத்தான் வரும். திட்ட இயக்குநர் உட்காரும் அந்த அலுவலகத்துக்கே நேராகப் போடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: தடைப் பதிவேட்டின் நகல், இதுவரை கொடுத்த கால நீட்டிப்பு உத்தரவுகள், மேற்பார்வைப் பொறியாளரின் மாத அறிக்கைகள். கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். மாநில நெடுஞ்சாலை என்றால் கோட்டப் பொறியாளர் அலுவலகம்.