வெள்ளை மாளிகையை விட்டு வெளியே வாருங்கள்

கேள்வி: அமெரிக்க அரசியலின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள ஆசை. அதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளாகத் தேடிப் படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. உலகத்தையே ஆட்டிவைக்கும் அதிபர், சொந்த அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் அலுவலகங்களை மூடுகிறாரே, அது எப்படி? எங்கிருந்துதான் தொடங்குவது?
– வாசகர், பெருந்துறை

பதில்: அதிபர்களைப் படித்தால் அதிபர்களைத்தான் தெரியும். லிங்கனின் உயரம் முதல் கென்னடி சுடப்பட்ட தெருவின் பெயர் வரை ஒப்பிப்பவர்களிடம், அமெரிக்காவில் அரசுப் பணத்தைச் செலவழிக்க யார் அனுமதி தர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

முதலில் அந்த நாட்டின் அரசியல் சாசனத்தைப் படியுங்கள். பயப்படாதீர்கள், நம்முடையதைப் போல தலையணை அளவு கிடையாது. 1787இல் பிலடெல்ஃபியாவில் எழுதிய மூலப் பிரதி ஏறத்தாழ நாலரை ஆயிரம் சொற்கள்தான், அதன்பின் இன்றுவரை சேர்ந்த திருத்தங்கள் 27. ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முதல் பிரிவு அதிபரைப் பற்றியது இல்லை, காங்கிரஸைப் பற்றியது (நம் ஊர்க் கட்சி இல்லை, பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள் கொண்ட அவர்களுடைய நாடாளுமன்றம்), அதுவே சாசனத்தில் கிட்டத்தட்ட பாதி. அதிபர் இரண்டாவதாகத்தான் வருகிறார். வரி போடுவது, கடன் வாங்குவது, போர் அறிவிப்பது எல்லாமே முதல் பிரிவில், காங்கிரஸ் கையில். சட்டப்படி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த ஒரு வரிதான். அதிபர் மூடவில்லை. அக்டோபர் 1இல் நிதியாண்டு தொடங்கும், அதற்குள் காங்கிரஸ் பணம் ஒதுக்காவிட்டால் கையில் காசில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் இப்படி ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. 1980இல் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை உள்ளபடி படித்தால் பணமில்லாமல் வேலை வாங்கவே கூடாது என்று கருத்துச் சொன்னார். இந்த அரசு முடக்கக் கூத்து அங்கிருந்து ஆரம்பித்ததுதான். 2025இல் அது 43 நாள் நீடித்தது. உயிர்ப் பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்காது, அது வேறு விஷயம்.

நீங்கள் அதில் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: 2025இல் அதிபர் குடியரசுக் கட்சி, பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை அதே கட்சி, செனட்டிலும் 100க்கு 53 இடம் அதே கட்சி. பிறகு ஏன் முடங்கியது? செனட்டில் பெரும்பாலான மசோதாக்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். ஃபிலிபஸ்டர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். இது சாசனத்தில் இல்லவே இல்லை, செனட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி, 60 என்ற எண்ணே 1975இல் வந்தது. 53ஐ வைத்துக்கொண்டு 60ஐக் காட்ட முடியாது. நம் ஊரில் அரசின் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் ஆட்சியே போய்விடும். அங்கே ஆட்சி போகாது, நாலு வருஷத்துக்கு அசைக்க முடியாத அதிபர் உட்கார்ந்திருப்பார், எதிரே அவரால் கலைக்க முடியாத காங்கிரஸ் உட்கார்ந்திருக்கும், நடுவில் அலுவலகக் கதவு மட்டும் பூட்டிக்கிடக்கும்.

ஆகவே செனட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பின்னால் வரும். ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டர், 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் 2 செனட்டர். (நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.) அநியாயம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் சிறிய மாநிலங்கள் இந்த விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் 1787இல் கையெழுத்திட்டன. ஒரு மாநிலத்துக்கு எத்தனை செனட்டர், எத்தனை பிரதிநிதிகளோ அதிபரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் தேர்வாளர்களும் அத்தனை பேர் என்பதால் இந்தக் கோணல் அதிபர் தேர்தலுக்கும் கொஞ்சம் தாவுகிறது. மொத்தம் 538, வெல்ல 270, அநேகமாக எல்லா மாநிலங்களிலும் அதிக ஓட்டு வாங்குபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுதும். 2000இல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் தோற்று வீட்டுக்குப் போனது இதனால்தான்.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் எல்லோரும் செனட்டின் ஒப்புதல் வாங்கித்தான் வர வேண்டும். 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராக வென்றபோது துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்களே, அந்தப் பதவியில் அவர் என்ன செய்தார் என்று யாராவது பிறகு விசாரித்தோமா? செனட்டில் 50க்கு 50 என்று வந்தால் முட்டுக்கட்டையை உடைப்பது துணை அதிபரின் ஓட்டு. அவர் அதை 33 முறை போட்டார், வேறெந்தத் துணை அதிபரும் அத்தனை முறை போட்டதில்லை. 2022இல் பைடனின் பெரிய பருவநிலைச் சட்டம் 51க்கு 50 என்று நிறைவேறியது அவருடைய ஓட்டால்தான். (பட்ஜெட் சார்ந்த சில மசோதாக்களுக்கு 60 வேண்டாம், அந்தச் சந்து வழியாக வந்த சட்டம் அது.)

அப்புறம், கட்சி என்றதும் நம் ஊர்க் கட்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் எதுவும் அங்கே கிடையாது, வேட்பாளரையும் தலைமை நியமிப்பதில்லை, மாநிலந்தோறும் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் குலைக்க ட்ரம்ப் தரப்பு கொண்டுவந்த மசோதா, அவருடைய கட்சிக்காரரான ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியதில் 49க்கு 51 என்று விழுந்தது. இப்போது அப்படி எதிர்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அது சட்டத்தினால் அல்ல, அடுத்த முதற்கட்டத் தேர்தலில் சொந்தக் கட்சியின் வாக்காளர்களே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தினால்.

சரி, அப்படியானால் அதிபர் வெறும் பொம்மையா என்று கேட்பீர்கள். இல்லை. காங்கிரஸ் தன் கையில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கொடுத்துவிட்டது. முறைப்படி அது கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல், வியட்நாமும் இராக்கும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லாமல் நடந்த போர்கள். இறக்குமதி வரி காங்கிரஸின் அதிகாரம், ஆனால் அவசரத்துக்கு அதிபர் எடுத்துக்கொள்ளலாம் என்று பல சட்டங்களில் இடம்விட்டு வைத்திருக்கிறது. கொடுத்தவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவரை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

அதிபரின் நாலு வருஷத்துக்கு நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலை அடுத்த முறை கவனமாகப் பாருங்கள். அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது, பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் செனட்டில் மூன்றில் ஒரு பங்கும் போட்டிக்கு வரும். 2018இல் அப்படித்தான் ட்ரம்ப் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. எல்லைச் சுவருக்கு அவர் கேட்டது 570 கோடி டாலர், 35 நாள் முடக்கத்துக்குப் பிறகு காங்கிரஸ் கொடுத்தது 137.5 கோடி. மீதிக்கு அவசரநிலை அறிவித்து ராணுவ நிதியில் கைவைத்தார், வழக்கு வந்தது. காங்கிரஸ் பிடி எங்கே நிற்கிறது, அதிபர் எதைப் பிடுங்குகிறார், நீதிமன்றம் எப்போது நுழைகிறது எல்லாம் அந்த ஒரு சண்டையிலேயே தெரியும். அதிபர் வரலாறுகளைப் பரணில் போட்டுவிட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.