கொள்ளுத் தாத்தாவின் காற்றாடி

வணக்கம் ஐயா,

எங்கள் கொள்ளுத் தாத்தா மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர். அப்புறம் பக்கத்து மாகாணமான ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு போயர் (டச்சு வம்சாவளி வெள்ளையர்) பண்ணையில் காற்றாடி ஓட்டி மக்காச்சோளம் அரைத்தார் என்று அப்பா சொல்வார். ‘வான் ரீனன் பக்கம்’ என்பார், அவ்வளவுதான். இருக்கிற ஒரே படத்தை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பண்ணையைக் கண்டுபிடிக்க முடியுமா?

சி., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சி.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்புக் கோபுரத்தின் உச்சிப் பலகையில் நிற்கிறார். ஒரு கை ஏணியில், மறு கையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. வால் தகட்டில் ‘ஏர்மோட்டார்’ என்ற பெயர் பாதி தெரிகிறது.

இது மாவு அரைக்கிறது இல்லை. அரைக்கிற ஆலை என்றால் கேப்டவுனில் 1796இல் கட்டிய மோஸ்டர்ட் ஆலை மாதிரி நாலு பெரிய இறக்கை இருக்கும் (பாவம், அது 2021 தீயில் எரிந்துபோனது). படத்தில் இருப்பது தகடுகளை வட்டமாக நெருக்கி அடுக்கிய சக்கரம், தண்ணீர் இறைப்பது. சக்கரம் சுற்றச் சுற்ற நீளமான கம்பி ஒன்று ஆழ்துளைக்குள் ஏறி இறங்கும். அடியில் இருக்கும் தோல் வாஷர் தண்ணீரை மேலே தள்ளும். தோல் தேய்ந்தால் கம்பியைத் துண்டு துண்டாக வெளியே இழுக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை.

அந்தக் குப்பியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏர்மோட்டார் 1888இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கியே சுற்றும் மாடலை 1915இல் கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். முந்தைய மாடலுக்கு அடிக்கடி ஆள் ஏறியாக வேண்டும். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பிழைப்பு அந்த ஏணியில்தான் இருந்திருக்கிறது. பழைய காற்றாடிகள் 1915க்கு அப்புறமும் ஓடின என்பதால், படம் எடுத்த வருஷத்தை இதை வைத்து அறுதியிட மாட்டேன்.

எனக்கு இடிப்பது பண்ணைதான். 1891 சட்டத்தின்படி தனி அனுமதி இல்லாமல் இந்தியர் யாரும் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்க முடியாது. கடை வைக்கவும் விவசாயம் பண்ணவும் தடை. அந்தத் தடை 1980கள் வரை நீடித்தது. ஒப்பந்தக் கூலியை ஒரு போயர் விவசாயி அங்கே வைத்திருப்பது லேசில் நடக்காது. ஆனால் வான் ரீனன் கணவாய் நேட்டாலுக்கும் ஃப்ரீ ஸ்டேட்டுக்கும் நடுவே எல்லையில் இருக்கிறது. லேடிஸ்மித்திலிருந்து ஹாரிஸ்மித் போகும் ரயில் பாதை அதன் வழியாகத்தான் ஏறுகிறது. நேட்டால் ரயில்வேயோ ஒப்பந்தக் கூலிகளை ஏராளமாக எடுத்த முதலாளி. நீராவி இன்ஜினுக்கு வழியெல்லாம் தண்ணீர் வேண்டும். என் ஊகம்: அவர் பண்ணையாள் இல்லை, ரயில்வே ஆள். காற்றாடி ஏதோ ஒரு ஸ்டேஷனுடையது.

ஊகத்தைச் சரிபார்க்க வழி உண்டு. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேரும் நேட்டால் பதிவேட்டில் இருக்கிறார்கள்: ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், ஒப்படைத்த முதலாளி. பெயரை வைத்துத் தேடினால் முனுசாமிகள் கும்பலில் மாட்டிக்கொள்வீர்கள். எண்தான் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் எண் இருக்கும். நிறவெறி அரசு இந்தியர்களை வீடுகளிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியபோது எத்தனையோ குடும்பங்கள் காகிதங்களைத் தொலைத்தன. ஆனாலும் அத்தைகள் யாராவது இருந்தால் அவர்களுடைய தகரப் பெட்டியை முதலில் கிளறச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், டர்பன் ஆவணக் காப்பகத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.