எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

தன்னார்வலர்களுக்கு அடிகிடி பட்டால் அமைப்புக்குச் சிக்கல் வராமல் இருக்க, ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதி வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக அமைப்பு தொடங்கியிருப்பீர்கள், யாரோ பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னைப் பயமுறுத்த அப்போது ஆளில்லை.

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் முழங்காலளவு நின்றது. ரொட்டி, பால்பவுடர், மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு பத்துப் பேர் போனோம். பாதிப் பேரை அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அதில் ஒரு பையன், கல்லூரி இரண்டாம் வருடம் என்றான், ஹவாய் செருப்போடு வந்திருந்தான். தண்ணீருக்கடியில் கிடந்த தகரம் கணுக்காலுக்கு மேலே கிழித்துவிட்டது. கலங்கல் தண்ணீர் என்பதால் ரத்தம் வருவதே முதலில் தெரியவில்லை. ‘அண்ணா, கால் சுருக்குன்னுது’ என்றான், அவ்வளவுதான்.

மீன்பாடி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏழு தையல். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டு நம்பர் என்ன என்று டாக்டர் கேட்கக் கேட்க நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவன் போன் தண்ணீரில் போய்விட்டது. எங்கள் போன்களில் சிக்னல் இல்லை. மறுநாள் காலை அவன் அப்பா வந்த பிறகுதான் தெரிந்தது, பையன் பிளஸ் டூ, வயது 17. அவர் சத்தம் போடவில்லை. ‘இவன் உங்ககூட வந்தான்னு எங்களுக்கு யாருங்க சொல்லியிருக்கணும்?’ என்று மட்டும் கேட்டார்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

இப்போது எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வயது (அடையாள அட்டை பார்த்து), ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு நம்பர், நீச்சல் தெரியுமா. போனில் அல்ல, காகிதத்தில். தண்ணீரில் இறங்கும் வேலை என்றால் கம்பூட்ஸ் கட்டாயம், எலிக்காய்ச்சலுக்கு டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே மாத்திரை. குழு விபத்துக் காப்பீடும் எடுத்தோம். ‘ஊரே மூழ்கும்போது நோட்டுப் போடுவாயா?’ என்று யாராவது கேட்பீர்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகிறது, போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிகளிலிருந்து வரும் கூட்டம் தனிக் கதை. ஒரே நிற டீ-ஷர்ட்டில் நாற்பது பேர், இரண்டு மணி நேரம், முப்பது மரக்கன்று, முந்நூறு போட்டோ. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம்; அந்தக் கணக்குக்கு அதுவும் உதவுமோ என்னவோ. போன மாதம் ஒரு கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம் 11 பக்கம். அவர்கள் ஆள் வழுக்கி விழுந்தாலும் பொறுப்பு எங்களுடையதாம். ரத்த வகை கேட்டால் ‘அந்தரங்கத் தகவல்’ என்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, வக்கீல் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன்.