நியூஜெர்சியா, டொராண்டோவா? ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் சொல்கிறேன்

தம்பி, இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர், பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் சொல்ல நூறு பேர் வருவார்கள். "அமெரிக்காவில் தலைக்கு மருத்துவச் செலவு கனடாவைப் போல இரண்டு மடங்காமே, அப்படியானால் வைத்தியமும் அங்கேதானே நன்றாக இருக்கும்?" என்று போகிற போக்கில் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டு ஊரிலும் குடியிருந்தவன் நான்; இப்போது டொராண்டோவில்.

கணக்கு சரிதான். 2022-ல் அமெரிக்காவில் தலைக்கு சுமார் 12,500 டாலர். கனடாவில், அதே டாலர் கணக்கில், 6,300 சொச்சம். ஆனால் சராசரி ஆயுள் அந்த வருடம் அங்கே 77.5, இங்கே 81.3. உடல்பருமன், போதை மருந்து, துப்பாக்கி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. பழியை முழுக்க ஆஸ்பத்திரி மேல் போட முடியாது. சரி, செலவு? 65 வயது தாண்டியவர்கள் கனடாவில் நூற்றுக்கு 19 பேர், அமெரிக்காவில் 17. வயதானவர்கள் அதிகம் உள்ள ஊருக்குத்தானே கூடுதலாக ஆக வேண்டும்? ஆகவில்லை. அமெரிக்கர்கள் அடிக்கடி டாக்டரிடம் ஓடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. அதே ஸ்கேனுக்கும் அதே மாத்திரைக்கும் அங்கே விலை அதிகம். அதற்கு மேல், பில் எழுத ஆஸ்பத்திரியிலும், அதை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனியிலும் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளம்.

நியூஜெர்சியின் எடிசன் ஊரில் என் முதல் குளிர்காலத்தில், நடுராத்திரி சிறுநீரகக் கல் வலி. ஆம்புலன்ஸ் கூப்பிடாதே என்று அறைத்தோழரே காரில் கொண்டுபோனார். கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை பர்ஸில் இருந்த தைரியம் எனக்கு. ஓர் ஊசி, ஒரு ஸ்கேன், விடிவதற்குள் வீடு. அப்புறம் தபால் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், டாக்டருக்குத் தனி, ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்னவருக்குத் தனி. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, தாண்டும்வரை எல்லாம் என் தலையில். அந்த டாக்டர் நெட்வொர்க்கில், அதாவது என் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், இல்லையாம்; வலியில் சுருண்டு கிடந்தவன் அதை விசாரித்திருக்க வேண்டுமாம்! அவசர சிகிச்சையில் அப்படி பில் போடுவதை 2022 முதல் சட்டம் தடுக்கிறது. ஆனால் சாலையில் வரும் ஆம்புலன்ஸ் அதில் அடங்காது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், அரசு மருத்துவக் காப்பீட்டின் ஹெல்த் கார்டு இருந்து, ஆம்புலன்ஸ் அவசியம்தான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டால் 45 டாலரோடு முடிந்தது.

உடனே டொராண்டோவுக்குப் பெட்டி கட்டிவிடாதீர்கள். 'கனடாவில் எல்லாம் ஃப்ரீ' என்று வாட்ஸ்அப்பில் பெருமையடிக்கும் நம்மவர்களை நம்ப வேண்டாம். பல், கண்ணாடி, மருந்துச் சீட்டு மூன்றுக்கும் உங்கள் கம்பெனி பெனிஃபிட்ஸ்தான் கைகொடுக்கும். குடும்ப டாக்டர் இல்லாதவர்கள் இங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நெஞ்சுவலி என்றால் உடனே உள்ளே எடுப்பார்கள். முட்டிவலி என்றால் மாதக்கணக்கில் வரிசை. புலம்பிப் பயனில்லை. முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக் திறக்குமுன் வாசலில் நிற்கவும், 'யாராவது கேன்சல் செய்தால் என்னைக் கூப்பிடுங்கள்' என்று முன்மேசையில் சொல்லிவைக்கவும் நான் பழகிக்கொண்டேன்.

அப்பா அம்மாவை அழைக்கும்போதுதான் நம்மவர்களின் கஞ்சத்தனம் தெரியும். பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான கனடா சூப்பர் விசாவுக்கு, ஒரு வருடத்துக்கான, குறைந்தது 1,00,000 கனடா டாலர் வரை செலவை ஏற்கும் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் முடியாது. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. கோஸ்ட்கோ மொத்தக் கடையில் வண்டி வழிய வாங்குகிறவர், அப்பாவின் இன்சூரன்ஸில் மிச்சம் பிடிப்பார். வாங்கினாலும் சர்க்கரையையும் பிரஷரையும் மறைத்துப் படிவம் நிரப்புவார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனியைத் திட்டுவார்.

நியூஜெர்சிதான் என்றால், டிடக்டிபிள் எவ்வளவு, வருடத்துக்கு என் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை போனால் அந்த இன்சூரன்ஸும் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பில்லை வரிவரியாகப் பிரித்துக் கேள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்தக் குண்டூர்க்கார அறைத்தோழர்தான். கேட்டதும் தொகை குறைந்தது, மீதிக்குத் தவணையும் கிடைத்தது. இப்போது டல்லாஸில் பெரிய வீட்டில் இருக்கிறார். நான் முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் காத்திருந்த காலத்தில் வாராவாரம் போன் செய்து, "இன்னும் வரிசையில்தானா?" என்று சிரிப்பார். உங்க டிடக்டிபிள் இந்த வருஷம் எவ்வளவு என்று நான் கேட்பேன். உடனே பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.