மனுவில் நான்கு ‘மேலும்’ எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் நான் ஊக்குநர். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தெருவுக்கு எந்த மனு என்றாலும் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். கிராம சபையிலும் பெண்கள் சார்பில் நான்தான் எழுந்து பேசுவேன். பேசும்போது ‘அப்புறம்… அப்புறம்…’ என்றே போகிறது. எழுதினால் துண்டு துண்டாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள், ‘இணைப்புச் சொல் போட்டு எழுதும்மா’ என்று மேலும், ஆகவே, எனவே, ஆனால், மற்றும், இருப்பினும் என ஒரு பட்டியல் எழுதித் தந்தாள். அவற்றைப் போட்டு எழுதிய மனுவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முன்பைவிட மோசமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. கோர்வையாகப் பேசவும் எழுதவும் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மனுவைப் படித்தேன். சொல்ல வேண்டிய செய்தி எதுவும் அதில் விட்டுப்போகவில்லை. மகள் தந்த பட்டியலிலும் தப்பில்லை. ஆனால் அந்தச் சொற்களைப் பசை மாதிரி நினைத்து, இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஏதாவது ஒன்றைத் தடவினால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறீர்கள். ஒட்டு இருக்க வேண்டியது விஷயத்தில். முதல் செய்தி இரண்டாவதற்குக் காரணமா? அதற்கு எதிரானதா? அதற்கு முன்னால் நடந்ததா? இதை முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்துவிட்டால் சொல் தானாக வரும். முடிவு செய்யாதபோதுதான் ‘மேலும்’ வரும். அந்தச் சொல் ‘இன்னொன்றும் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். அந்த இன்னொன்றுக்கும் முந்தியதற்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாது.

உங்கள் மனுவின் நடுப்பகுதி இது:

“எங்கள் தெருவில் குடிநீர் வருவதில்லை. மேலும் பெரிய தெருவில் குழாய் உடைந்துள்ளது. மேலும் தண்ணீர் சாலையில் வீணாக ஓடுகிறது. மேலும் நாங்கள் ஒரு கிலோமீட்டர் நடக்கிறோம். மேலும் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறார்கள். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் பலமுறை மனு கொடுத்தோம். இருப்பினும் சரிசெய்யவில்லை. எனவே நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

உங்கள் தெருக்காரருக்கு இது புரியும், ஏனென்றால் அவருக்கு நடந்தது தெரியும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கட்டுக்கட்டாக மனு வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. குழாய் உடைப்பும் தண்ணீர் வராததும் இரண்டு தனிப் புகார்களா, ஒன்றால் மற்றது வந்ததா என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆறாவது வாக்கியத்தில் ஒரு ‘ஆனால்’ நிற்கிறது. முன்னால் சொன்ன எதையும் அது மறுக்கவில்லை. பிள்ளைகள் தாமதமாகப் போவதற்கும் நீங்கள் மனு கொடுத்ததற்கும் என்ன முரண்? படிப்பவர் அங்கே நின்று, திரும்பிப் போய்ப் படிக்கிறார்.

அதையே இப்படி எழுதிப் பார்ப்போம்:

“பெரிய தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் சாலையில் ஓடுவதால், எங்கள் தெருவுக்குக் குடிநீர் வந்து சேர்வதில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்த் தண்ணீர் எடுத்து வருகிறோம். காலையில் பிள்ளைகளும் குடம் தூக்க வேண்டியிருப்பதால் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் பலமுறை மனு கொடுத்தும் குழாய் சரிசெய்யப்படவில்லை. ஆகவே, உடைந்த குழாயை உடனே மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

தனியாக நிற்கும் இணைப்புச் சொல் இதில் ஒன்றே ஒன்றுதான், கடைசியில் வரும் ‘ஆகவே’. மற்ற இணைப்பெல்லாம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: உடைந்து, ஓடுவதால், நடந்துபோய், இருப்பதால், கொடுத்தும். தமிழின் இயல்பு இதுதான். ஓலைச்சுவடிக் காலத்தில் இன்று நாம் போடும் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ கிடையாது. ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்ததோடு எப்படிச் சேர்கிறது என்பதை எச்சங்களும் ‘உம்’, ‘என்று’ போன்ற சிறு சொற்களுமே காட்டியாக வேண்டும். இந்தச் சிறு சொற்களுக்காகத் தொல்காப்பியம் இடையியல் என்று ஒரு தனி இயலே வைத்திருக்கிறது. ‘உம்’ ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள் என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. அவ்வளவு வேலை செய்யும் சொல் கையில் இருக்கும்போது, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மேலும்’ எதற்கு?

(இன்னொன்று: ‘பலமுறை’ என்பதை எடுத்துவிட்டு, மனு கொடுத்த தேதிகளைப் போடுங்கள்.)

‘கொடுத்தும்’ என்று நான் எழுதியதை ‘கொடுத்தாலும்’ என்று மாற்றிவிடாதீர்கள். ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்றால் மழை பெய்துவிட்டது. ‘மழை பெய்தாலும் ஏரி நிரம்பாது’ என்றால் மழை இன்னும் வரவில்லை. நீங்கள் உண்மையிலேயே மனு கொடுத்திருக்கிறீர்கள். அதற்குக் ‘கொடுத்தும்’தான் சரி.

வினையெச்சத்தில் கவனம் வேண்டிய இடமும் உண்டு. ‘செய்து’ என்று வரும் எச்சத்தில் அதைச் செய்பவரும் அடுத்த வினையைச் செய்பவரும் பொதுவாக ஒருவராகவே இருக்க வேண்டும். ‘கதவைத் திறந்து உள்ளே போனேன்’ சரி. ‘நான் கதவைத் திறந்து நாய் ஓடிவிட்டது’ என்றால் காதுக்கே இடறுகிறது. ‘திறந்ததும் நாய் ஓடிவிட்டது’ என்போம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போல ஒன்று இயல்பாகவே மற்றதில் போய் முடியும்போது ஆள் மாறினாலும் உறுத்தாது. ‘குழாய் உடைந்து தண்ணீர் ஓடுவதால்’ என்று நான் எழுதியது அந்த வகை. சந்தேகம் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயத்தில் காது அநேகமாகத் தப்புவதில்லை.

‘இதனால்’ என்ற சொல்லும் உங்கள் மனுவின் பிற்பகுதியில் அடிக்கடி வருகிறது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, குப்பை அள்ள வருவதில்லை என்று மூன்றைச் சொல்லிவிட்டு, ‘இதனால் பெண்கள் இரவில் நடமாட முடியவில்லை’ என்கிறீர்கள். எதனால்? விளக்கு இல்லாததால்தானே? அப்படியானால் ‘தெருவிளக்கு எரியாததால்’ என்றே எழுதுங்கள். காரணமும் விளைவும் ஒட்டி நிற்கும். தூரத்தில் இருப்பதை ‘இது’ என்று சுட்டிக்காட்ட வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்தது பட்டியல். உங்கள் மனுக்களில் அதிகம் இடறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘விளக்கு மற்றும் குழாய் மற்றும் சாக்கடை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேசும்போது இப்படி ஒருநாளும் சொல்ல மாட்டீர்கள். ‘விளக்கும் இல்ல, குழாயும் சரியில்ல’ என்றுதான் வாயில் வரும். எழுத்திலும் அதுவே நன்றாக இருக்கும்: ‘விளக்கும் குழாயும்’. ‘உம்’ போட ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும், அவ்வளவுதான். நான்கைந்துக்கு மேல் போனால் காற்புள்ளி போட்டு அடுக்கி, கடைசியில் ‘ஆகியவை’ என்று முடியுங்கள். ஆட்களானால் ‘ஆகியோர்’. ‘ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை’ என்பது துறையின் பெயர், அதில் கை வைக்க வேண்டாம். உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘மற்றும்’ வரும்போது மட்டும், அதை எடுத்தால் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குறையாது.

‘ஆகிய’ என்பதற்கும் ‘முதலிய’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனு எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘கிழக்குத் தெரு, பள்ளிக்கூடத் தெரு ஆகிய தெருக்களில் விளக்கு இல்லை’ என்றால் இரண்டே தெரு, பட்டியல் மூடிவிட்டது. ‘முதலிய தெருக்களில்’ என்றால் இன்னும் இருக்கிறது என்று பொருள். எத்தனை, எவை என்று அலுவலகத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சொன்ன இரண்டு தெருவில் மட்டும் விளக்கைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிடலாம். எங்கே வேலை நடக்க வேண்டுமோ அந்த இடங்களையெல்லாம் பெயர் சொல்லி அடுக்கி, ‘ஆகிய’ என்று மூடுங்கள். ‘போன்ற’ என்பதும் ‘முதலிய’ மாதிரிதான், திறந்தே கிடக்கும்.

‘ஆனால்’ என்ற சொல்லுக்கு இரு பக்கமும் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். ‘மாப்பிள்ளைக்குச் சம்பளம் குறைச்சல், ஆனால் குணம் தங்கம்’ என்று தரகர் சொன்னால் பெண் வீட்டில் மேலே பேசுவார்கள். ‘குணம் தங்கம், ஆனால் சம்பளம் குறைச்சல்’ என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செய்தி ஒன்றுதான், பின்னால் வருவது மனதில் நிற்கிறது. ‘ஊராட்சியில் நிதி குறைவு என்கிறார்கள், ஆனால் குழாய் மாற்றுவது அவசரம்’ என்று சொல்லுங்கள். திருப்பிச் சொன்னால் எதிர்த்தரப்புக்காக நீங்களே வாதாடியதாகிவிடும்.

சரி, இனி பேச்சு.

‘அப்புறம்’ என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலில் இது நடந்தது, அப்புறம் அது நடந்தது என்று வரிசை சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது. காரணம் சொல்ல வேண்டிய இடத்திலும் எதிர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்திலும் அதுவே வரும்போதுதான் கேட்பவர் குழம்புகிறார். ‘மனு கொடுத்தோம், அப்புறம் யாரும் வரல’ என்பதில் வருத்தம் தெரியவில்லை. ‘மனு கொடுத்தும் யாரும் வரல’ என்பதில் தெரிகிறது. எழுத்துக்குச் சொன்ன அதே வால் இங்கேயும் வேலை செய்கிறது.

பேச்சுக்கென்றே நம்மிடம் இன்னொரு வழி உண்டு. பாட்டிமார் கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: ‘ராஜா காட்டுக்குப் போனானாம். போனா, அங்க ஒரு கிழவி இருந்தாளாம். இருந்தவ என்ன கேட்டாளாம்…’ முடித்த வினையையே எடுத்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவது. ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக வைக்கும் அந்தாதியிலும் இதே முறைதான். அபிராமி அந்தாதியில் நூறு பாட்டும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் மைக் இரையும், பின்னால் பிள்ளைகள் கத்தும், பாதிப் பேர் காதில் பாதிதான் விழும். ‘போன மாசம் மனு கொடுத்தோம். கொடுத்தப்ப ஒரு வாரத்துல சரி பண்றோம்னு சொன்னாங்க. சொன்னவங்க இதுவரை வந்து பார்க்கல’ என்று வினையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே போனால், ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டவரும் அடுத்ததில் சேர்ந்துகொள்வார். உங்களுக்கும் யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பலர் ‘வந்து… வந்து…’ என்கிறார்கள். ஆனால் மனுவில் இப்படி எழுத வேண்டாம். படிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் அங்கே இது வெறும் நீட்டலாகிவிடும்.

கேட்பவர் மனதில் எழும் கேள்வியை நீங்களே கேட்டுப் பதில் சொல்வதும் நல்ல இணைப்பு. நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு கருத்தைச் சொல்லி, ‘என்னையெனின்’ என்று தாங்களே கேட்டுக்கொண்டு காரணம் சொல்வார்கள். இன்று நாம் ‘ஏன்னு கேட்டீங்கன்னா’ என்கிறோமே, அதேதான். ‘இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேப்பீங்க. சும்மா இருக்கல. ரெண்டு தடவை மனு கொடுத்தோம்’ என்று சொல்லிப் பாருங்கள். தலைவர் கேட்க நினைத்தது முன்கூட்டியே அடைபட்டுவிடும்.

ஒரு பிரச்சினையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, ‘சரி, தண்ணி விஷயம் சொல்லிட்டேன். இப்ப விளக்கு விஷயம்’ என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். ‘அது கிடக்கட்டும்’, ‘அதை விடுங்க’ என்று மட்டும் தாண்டாதீர்கள். நம்மையறியாமல் வாயில் வந்துவிடும் தொடர்கள் அவை. ஆனால் குடிநீரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு ‘அதை விடுங்க’ என்றால், கேட்பவர்கள் உண்மையிலேயே விட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவதற்கு ஒரு தாளில் உங்கள் கோரிக்கைகளை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம், எதிர்ப்பு, அடுத்தது என்று உறவை மட்டும் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு போங்கள். முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு வரி மறந்தால் எல்லாம் அறுந்துவிடும். ஆனால் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆகவே’ என்று தொடங்கி, எந்த இடத்தில், எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று முடியும் ஒரே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு, அதே சொற்களில் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.