பேரிக்காய், இஞ்சி, மாத்திரைப் பட்டியல்

செப்டம்பர் கடைசியிலிருந்து சீன மருத்துவம் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் குவிகின்றன. பாதி, சீனாவில் படிக்கும் நம் பிள்ளைகளுடையவை. மீதி சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து. வயது, வேறு நோய், சாப்பிடும் மாத்திரைகள் இந்த மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் பத்தில் எட்டுப் பேர் எழுதுவதில்லை.

பெய்ஜிங்கில் மருத்துவம் படிக்கிறேன். அக்டோபர் பிறந்தாலே தொண்டை காய்கிறது, காலையில் மூக்கில் லேசாக இரத்தம். அறைத்தோழி பேரிக்காயை வேகவைத்துத் தருகிறாள். பலன் உண்டா ஐயா?

உண்டு. இலையுதிர் காலம் நுரையீரலின் காலம், அப்போது அதன் எதிரி வறட்சி என்பது சீன மருத்துவக் கணக்கு. வடசீனாவில் அந்த வறட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 15 வாக்கில் அறைகளைச் சூடாக்கும் வெப்பக் குழாய்களைத் திறந்துவிடுவார்கள். மார்ச் நடுவரை அறைக்காற்று இன்னும் காயும். குழாய் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். பேரிக்காயின் நடுவைக் குடைந்து, கற்கண்டு இரண்டு துண்டு போட்டு, அரை மணி நேரம் ஆவியில் வேகவிட்டால் போதும். வெள்ளைக் காளான் கிடைத்தால் ஊறவைத்து, கொழகொழவென்று ஆகும்வரை கொதிக்கவிட்டுச் சேர்க்கலாம். சுவான்பெய் என்ற இருமல் மூலிகைப் பொடி போடு என்று யாராவது சொல்வார்கள். விலை அதிகம், போலியும் அதிகம். வெறும் வறட்சிக்கு அது வேண்டியதில்லை. வயிறு இளகிப்போகிற உடம்பு என்றால் பேரிக்காயைக் குறையுங்கள். இரத்தம் நிற்காமல் வந்தால் உங்கள் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டுங்கள்.

எனக்குச் சளி. நல்ல சீன மருந்து ஒன்று சொல்லவும்.

இவ்வளவுதான் கடிதம். எந்தச் சளி? குளிர் நடுக்கம், உடம்பு வலி, தண்ணீராக ஒழுகும் மூக்கு, வியர்வையே இல்லை என்றால் அது காற்றும் குளிரும் சேர்ந்தது. இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்து, போர்த்திக்கொண்டு படுத்து லேசாக வியர்க்க விடுவார்கள். தொண்டை எரிச்சல், காய்ச்சல், மஞ்சள் சளி என்றால் காற்றும் சூடும், அதற்குத்தான் யின்ச்சியாவ் என்ற குளிர்ச்சியான சீன மருந்து. முதல் வகைக்காரர் யின்ச்சியாவ் விழுங்கினால் குளிர்ந்த உடம்பை மேலும் குளிரவைக்கிறார். சூட்டு உடம்பா, குளிர்ச்சி உடம்பா என்று நம் பாட்டிமார் பார்த்த அதே பார்வைதான். இதில் புதிதாக மிரள ஒன்றுமில்லை. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல் என்றால் இஞ்சியும் வேண்டாம், எனக்குக் கடிதமும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

குவாங்சோவில் வேலை. சளி வராமலிருக்க தினமும் பான்லான்கென் குடிக்கலாமா?

கூடாது. குளிர்ச்சியான வேர் அது. நோயில்லாத வயிற்றைத்தான் கெடுக்கும். 2003-இல் சார்ஸ் பயத்தில் உங்கள் ஊரில்தான் பான்லான்கென்னையும் வினிகரையும் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். தடுப்புக்கு முதலில் தூக்கம், அப்புறம் கைகழுவுதல், அப்புறம் ஃபுளூ ஊசி.

மாமியாருக்கு 68 வயது. பருவம் மாறும்போது கை கால் மரத்துப்போகிறது. கடைக்காரர் தான்ஷென், தாங்குவே என்று இரண்டு வேர்களைக் கட்டிக் கொடுத்தார். இதய வால்வு அறுவை முடிந்து, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூலிகைதானே, பக்க விளைவு இருக்காதல்லவா?

இந்த அம்மா மாத்திரையின் பெயரையாவது எழுதினாரே, அதற்கு நன்றி. பொட்டலத்தை இன்றே எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வால்வு மருத்துவரிடம் சொல்லி இரத்தம் உறையும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தான்ஷென், தாங்குவே இரண்டுமே வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரை கொண்டுபோகக்கூடியவை. வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது அதைவிட ஆபத்து.

‘மூலிகைதானே’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எட்டி மரமும் மூலிகைதான். மாஹுவாங் என்ற சீனச் செடியில் இருக்கும் எபிட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். உணவுச் சத்துப் பொருள்களில் அதை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. இனிப்பாக இருக்கும் அதிமதுரத்தையே மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், அழுத்தம் ஏறும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்தது தெரியுமா? உடல் மெலிய என்று கொடுத்த மருந்தில் ஹான் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக குவாங் ஃபாங்ஜி கலந்துவிட்டது. பெயர் ஒன்றுபோல, செடி வேறு. நூறு பெண்கள் வரை சிறுநீரகம் கெட்டது. நோயாளியைப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல் பொட்டலம் கட்டுவது சீன மருத்துவமே இல்லை. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மாத்திரைப் பட்டியலோடு போங்கள்.

சிங்கப்பூரில் நான்கு பருவமே இல்லையே, சீன நாட்காட்டி ஆண்டைப் பிரிக்கும் அந்த 24 பருவக் கூறுகளை இங்கே பார்க்க வேண்டுமா?

அவை மஞ்சள் ஆற்றுப் பக்கத்து வானிலையை வைத்து வகுத்தவை. நவம்பர் 7 வாக்கில் ‘குளிர்காலத் தொடக்கம்’ என்று நாட்காட்டி சொல்வதை நம்பி சிங்கப்பூர் ஈசூனில் உடம்பைச் சூடாக்கும் ஜின்செங் வேர் சூப் வைத்துக் குடித்தால் வியர்த்துக் கொட்டும். இங்கே பகை ஈரம்தான். மழை மாதங்களில் ஐஸ் பானத்தையும் எண்ணெய்ப் பண்டத்தையும் குறையுங்கள்.

மகனுக்கு 9 வயது, ஆஸ்துமா. குளிர்காலத்தில் வராமலிருக்கக் கோடையிலேயே முதுகில் மருந்துப் பட்டை போடுவார்களாமே?

சான்ஃபூ பட்டை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, உச்ச வெயில் நாள்களில் போடுவது. இந்த ஆண்டுக்கு நேரம் போய்விட்டது. வெள்ளைக் கடுகு சேர்ப்பதால் தோல் கொப்பளிக்கும். குழந்தைக்குக் கொஞ்ச நேரம்தான் வைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் கையால். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அவன் வேறு என்ன மருந்து எடுக்கிறான் என்று நீங்களும் எழுதவில்லை.

ஷாங்காயில் குளிர் தொடங்கிவிட்டது. உடனே கனத்த உடை போடலாமா?

‘வசந்தத்தில் போர்த்து, இலையுதிரில் கொஞ்சம் குளிர விடு’ என்பது அவர்கள் ஊர்ப் பழமொழி. கழுத்தையும் பாதத்தையும் மட்டும் மூடுங்கள். முதியவர், கைக்குழந்தை என்றால் இந்தப் பழமொழியை மறந்துவிடலாம்.

மருந்துச் சீட்டில் ‘3 சியென்’ என்று எடை இருக்கிறது. எத்தனை கிராம்?

சீனாவில் ஒரு சியென் 3 கிராம். சிங்கப்பூரின் பழைய கடைக் கணக்கில் நாலுக்குச் சற்றுக் குறைவு. சீட்டு எங்கே எழுதியது என்று சொல்லவில்லையே நீங்கள்.