முப்பரிமாண ஸ்கேன் படங்களைக் கொத்தாக்கத்தால் சீராக்குதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கௌசியன் வடிகட்டியால் சி.டி. படத்தின் இரைச்சலை (தற்செயலான புள்ளிக் கறைகளை) நீக்கினால் எலும்பின் ஓரமும் மங்கிவிடுகிறது. கொத்தாக்கம் (ஒத்த மதிப்புள்ள புள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்தல்) உதவுமா? (பொறியியல் மாணவி, பர்கூர்)

உதவும். அண்டை வாக்சல்கள் (முப்பரிமாணப் படத்தின் சிறு கனப் புள்ளிகள்) எந்தத் திசுவைச் சேர்ந்தவை என்று பாராமல் கௌசியன் வடிகட்டி அனைத்தையும் சராசரியில் சேர்ப்பதால்தான் ஓரம் குழம்புகிறது. வாக்சல்களை ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பின்படி (திசு எக்ஸ்-கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டும் சி.டி. எண்) முதலில் கொத்துகளாகப் பிரித்து, ஒரே கொத்தைச் சேர்ந்த அண்டை வாக்சல்களை மட்டும் சராசரியில் சேர்த்தால் ஓரம் பெரும்பாலும் காக்கப்படும். இரைச்சல் மிகுந்த படத்தில் வாக்சலே தவறான கொத்தில் விழக்கூடும் என்பதால், கொத்தாக்கத்தை இலேசாக மென்மையாக்கிய நகலில் செய்து, சராசரியை மூலப் படத்தின் மதிப்புகளிலிருந்து எடுங்கள். இரு திசுக்கள் கலந்த எல்லை வாக்சலை ஒரே கொத்தில் அடைக்காமல் பங்கிட்டுத் தரும் ஃபஸ்ஸி சி-மீன்ஸ் முறையையே நான் பரிந்துரைப்பேன்.

512 × 512 அளவில் 300 துண்டுப் படங்கள் உள்ளன. சாதாரண மடிக்கணினி தாங்குமா? (பாலக்கோடு)

மொத்தம் ஏறத்தாழ 7.86 கோடி வாக்சல்கள் இருந்தாலும், சி.டி. மதிப்புகள் சில ஆயிரம் முழு எண்களுக்குள் அடங்குபவை. எனவே மதிப்புவாரியான எண்ணிக்கை அட்டவணையின்மீதே கே-மீன்ஸ் என்ற கொத்தாக்க முறையை இயக்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று −1000, நீர் 0, கொழுப்பு சுமார் −100 என்பவை தெரிந்தவையாதலால், நான்கைந்து கொத்துகளுடன் தொடங்குங்கள்.

ஃபுளோரைடு பாதிப்புள்ளவர்களின் முதுகெலும்புப் படங்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா? (பென்னாகரம்)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் பல இருப்பதால், இது நம் ஊருக்கு மிகவும் தேவையான கேள்வி. எலும்பு ஃபுளோரோசிஸில் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் எலும்பு நோய்) எலும்பின் அடர்த்தி கூடுவதோடு, மூட்டு இணைப்பு நார்களும் எலும்பாக இறுகுகின்றன. ஒருவரின் படத்தில் கண்ட கொத்து மையங்களை (ஒவ்வொரு கொத்தின் சராசரி மதிப்புகளை) மற்றொருவருக்குப் பொருத்தாமல், ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இறுகிய நார் எலும்புக் கொத்திலேயே சேரும். அது எலும்பா, நாரா என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் கதிரியக்க மருத்துவர்தான். தொடக்க நிலையில் இந்த இறுக்கம் சில வாக்சல் அகலமே இருக்கும். ஆகவே தன் கொத்தைச் சேர்ந்த அண்டை வாக்சல்கள் மிகக் குறைவாக உள்ள வாக்சலை இரைச்சல் என்று கருதி அழிக்காமல், மாற்றமின்றி விட்டுவிடுங்கள். இரைச்சல் சிறிது எஞ்சினாலும், நோயின் அடையாளம் அழியக்கூடாது.

எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதே வழிதானா? (ஓசூர்)

வழி ஒன்றே, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் ஹவுன்ஸ்ஃபீல்டு போன்ற நிலையான அளவுகோல் இல்லை. படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கக்கூடும். அந்த ஏற்றத்தாழ்வை என்4 முறையால் திருத்திய பிறகே கொத்தாக்குங்கள். துண்டுகளின் தடிமன் 5 மி.மீ., வாக்சலின் அகலம் 1 மி.மீ. என்றால், அண்டை வாக்சல்களை எண்ணிக்கையால் தேர்ந்தெடுக்காமல் மில்லிமீட்டர் தொலைவால் தேர்ந்தெடுங்கள்.